பல்லாவரத்து ரிலேயும் இரண்டாவது செட்டிங்கும்

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பல்லாவரம் என்றால் வெள்ளிக்கிழமை சந்தை. ஆனால் சப்ஸ்டேஷன்களில் வேலை பார்த்த பழைய என்ஜினீயர்களுக்குப் பல்லாவரம் என்றால் ரிலே! அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் அந்த ஊரில்தான் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது.

ரிலே என்றால் என்ன? லைனில் ஷார்ட் ஆனால் மின்சாரத்தை அறுப்பது பிரேக்கர். எப்போது அறுக்கலாம் என்று முடிவெடுப்பது ரிலே. அந்தக் காலத்து சி.டி.ஜி. ரிலேக்குள் பழைய வீட்டு மீட்டரில் சுற்றுவது போன்ற ஒரு அலுமினியத் தட்டு இருக்கும். மின்னோட்டம் அளவை மீறினால் தட்டு சுழலும், சுழன்று முடிந்தால் டிரிப். எத்தனை ஆம்பியருக்குச் சுழல வேண்டும் என்பதை ஒரு சின்ன பிளக்கும், எவ்வளவு நேரம் என்பதை ஒரு டயலும் சொல்லும்.

செட்டிங்கை மாற்ற ஒரு ஆள் போய், கண்ணாடி மூடியைத் திறந்து, பிளக்கைப் பிடுங்கி வேறு துளையில் செருக வேண்டும். லைன் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினால் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் திறந்துபோய் ஆபத்தான மின்னழுத்தம் வரலாம் அல்லவா? அதற்காகவே, பிளக் வெளியே வந்ததும் ரிலே தானாக மிக உயர்ந்த செட்டிங்குக்குப் போய்விடும்படி செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து அறிவு அது!

சரி, செட்டிங்கை ஏன் மாற்ற வேண்டும்? மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீர் பம்ப் ஹவுஸில் புகுந்ததும் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாவது யூனிட் நிறுத்தப்பட்டது. (முதல் யூனிட் ஏற்கெனவே பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது.) கிரிட் மின்சாரம் இருந்தும், முன்னெச்சரிக்கையாக டீசல் ஜெனரேட்டர்களையும் ஓட விட்டார்கள். எந்த நிலையத்திலும் இந்த இரண்டு மூலங்களும் ஒன்றல்ல. கிரிட்டில் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். டீசல் ஜெனரேட்டரோ பெரும்பாலும் தன் முழுச்சுமையைப் போல மூன்று மடங்குதான் தாக்குப்பிடித்துத் தரும்.

ஒரு கணக்கு போடுவோம். கற்பனை எண்கள்தான். ரிலே செட்டிங் 400 ஆம்பியர், டயல் 0.3. கிரிட் 8000 ஆம்பியர் தந்தால் ரிலே சுமார் 0.7 விநாடியில் டிரிப் ஆகும். 200 ஆம்பியர் ஜெனரேட்டர் 600 ஆம்பியர் மட்டுமே தந்தால் 5 விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் கேபிள் என்ன ஆகும்? செட்டிங்கை 250-க்கும் டயலை 0.1-க்கும் குறைத்தால் 0.8 விநாடியில் முடிந்துவிடும். ஆனால் கிரிட்டில் ஓடும்போது சாதாரண சுமையே 300 ஆம்பியர் என்றால்? காரணமில்லாமல் டிரிப்! ஒரே எண் இரண்டுக்கும் சரிப்படாது.

இதற்கு வழி பிறந்தது எண்களை நினைவில் வைக்கும் ரிலேயால். கம்ப்யூட்டரால் லைனைக் காக்கலாம் என்று அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் கட்டுரை எழுதியது 1969-இல். எட்மண்ட் ஷ்வைட்சர் தன் டிஜிட்டல் ரிலேயை விற்றது 1984-இல். கல்பாக்கத்தின் முதல் யூனிட் வணிக உற்பத்தியைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பல்லாவரத்திலோ பெயர்ப்பலகை ஜி.இ.சி., அல்ஸ்டாம், அரேவா என்று மாறிக்கொண்டே போனது. சி.டி.ஜி. போய் மைகாம் வந்தது. மைகாம் பி140 வரிசையில் நான்கு செட்டிங் குரூப்கள் உண்டு. நான்கு ரிலேக்கள் ஒரே பெட்டியில் இருப்பது போல, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும்.

மாற்றுவது யார்? ரிலேயின் பட்டன், கன்ட்ரோல் ரூம் கட்டளை, இல்லையென்றால் பிரேக்கரின் துணைக் கான்டாக்ட்டிலிருந்து வரும் ஒரு ஒயர். கிரிட் பிரேக்கர் திறந்து ஜெனரேட்டர் பிரேக்கர் மூடினால் குரூப் இரண்டு. கேட்க எளிது. அந்த ஒயர் அறுந்தால் ரிலே எந்தக் குரூப்பில் நிற்கும்? இரண்டு பிரேக்கரும் திறந்திருக்கும் அந்தச் சில கணங்களில்? டெஸ்ட் செய்பவர் முதல் குரூப்பைச் சோதித்துவிட்டு, இரண்டாவதில் கம்பெனி போட்ட எண்களையே விட்டுவிட்டுப் போனால்?

நிலைமைக்கேற்பத் தானே மாறும் ரிலே வேண்டும் என்று ஹோரோவிட்ஸ், தோர்ப் ஆகியோரோடு சேர்ந்து 1988-இல் எழுதியவர், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அருண் பட்கே. ஏன் வேண்டும் என்பதை 2012 ஜூலை 30 அதிகாலை காட்டியது. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைனில் ஷார்ட் எதுவும் இல்லை. சுமைதான் மிக அதிகம். தூரத்து ஷார்ட்டைப் பிடிக்க வைத்திருந்த மூன்றாம் மண்டல செட்டிங் அந்தச் சுமையையே ஷார்ட் என்று நினைத்து டிரிப் செய்ய, வட இந்தியா இருண்டது. தென்னக கிரிட் அப்போது தனி அலைவரிசையில் ஓடியதால் செங்கல்பட்டில் விளக்கு எரிந்தது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியே தெற்கும் அதே கிரிட்டில் சேர்ந்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும், நான்கு குரூப் உள்ள பல ரிலேக்கள் ஆயுள் முழுக்க முதல் குரூப்பிலேயே கிடக்கின்றன. சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. தவறான நேரத்தில் மாறும் ரிலேயை விட, மாறாத ரிலேயைத்தான் ராத்திரி ஷிஃப்ட் ஆபரேட்டர் நம்புகிறார்.