வில்லியம்ஸ்பர்க் நீதிமன்றம்

“ஓயஸ், ஓயஸ், ஓயஸ்!” என்று சேவகர் ஒருவர் மும்முறை கூவினார். படிக்கட்டைச் சூழ்ந்து நின்ற பிரயாணிகளின் பேச்சு அடங்கியது. முக்கோணத் தொப்பியும் முழங்கால் அளவே நின்ற காற்சட்டையும் அணிந்திருந்த அவர், நீதிமன்றம் கூடிவிட்டது, வழக்குடையோர் வந்து உரைக்கலாம் என்று அறிவித்தார். ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்கும் பணியிலேயே காலம் கழித்துவிட்ட நமக்கு, காட்சியைக் காட்டிலும் அந்தச் சொல்லின் மீதே முதலில் மனம் சென்றது. அது ஆங்கிலமே அன்று. 1066-ம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற நார்மானியர் தம்முடன் கொண்டுவந்த பிரெஞ்சு மொழியின் மிச்சம். ‘கேளீர்’ என்பது அதன் பொருள். அரண்மனையை விட்டும் கடைவீதியை விட்டும் பிரெஞ்சு மொழி அகன்று பல நூற்றாண்டுகள் ஆனபின்னும், நீதிமன்ற வாசலில் மட்டும் அச்சொல் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. பிறகு குடியேறியவர்களுடன் கப்பலேறி அமெரிக்காவுக்கும் சென்றது.

நேயர்களே, நாம் சென்றிருந்தது ஐக்கிய அமெரிக்காவின் கீழ்க்கடற்கரை மாநிலமாகிய வர்ஜீனியாவில் உள்ள வில்லியம்ஸ்பர்க் என்னும் ஊர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1699-ம் ஆண்டு முதல் 1780-ம் ஆண்டு வரை அதுவே அந்தக் குடியேற்ற நாட்டின் தலைநகரமாக விளங்கியது. நகரம் என்று பெயரே ஒழிய, நம் கணக்கில் அதைப் பெரிய கிராமம் என்றுதான் சொல்ல வேண்டும். 1775-ம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,900 பேர். ஒரு மைல் நீளமுள்ள ஒரே நெடுந்தெரு. அதன் மேற்குக் கோடியில் கல்லூரி, கிழக்குக் கோடியில் சட்டசபை மாளிகை, நடுவே சந்தை வெளி. தலைநகர் ரிச்மண்டுக்கு மாறியதும் ஊர் உறங்கிவிட்டது. உறங்கியதால்தான் பிழைத்தது என்றும் கூறலாம். வளரும் ஊர்கள் தம் பழைய வீடுகளைத் தாமே இடித்துக்கொள்வதை நாம் நம் நாட்டிலேயே கண்டிருக்கிறோம். 1926-ம் ஆண்டில் உள்ளூர்ப் பாதிரியார் குட்வின் என்பவர், கோடீஸ்வரர் இளைய ஜான் ராக்பெல்லரின் மனத்தை இவ்வூரின் பால் திருப்பினார். பணம் வந்தது, பணி தொடங்கியது. இன்று 301 ஏக்கர் பரப்பில் பழைய ஊர் காக்கப்பட்டுள்ளது. அதில் எண்பதுக்கு மேற்பட்ட கட்டடங்கள் மெய்யாகவே பழையவை. மற்றவை மண்ணுக்கடியில் கிடந்த அடித்தளங்களைத் தோண்டியும், பழைய படங்களையும் பத்திரங்களையும் ஆராய்ந்தும் மீண்டும் எழுப்பப்பட்டவை.

நீதிமன்றம் அந்தப் பழைய கட்டடங்களுள் ஒன்று. 1770, 1771-ம் ஆண்டுகளில் செங்கல்லால் கட்டப்பட்டது. சந்தை வெளியின் ஓரத்தில், கூரையின் மீது ஒரு எண்கோணக் கூண்டைத் தாங்கி, அகலமான கற்படிகளுடன் நிற்கிறது. முகப்பில் முக்கோண முகடு ஒன்று முன்னே நீண்டிருக்கிறது. ஆனால் அதைத் தாங்கத் தூண்கள் இல்லை! கட்டியவர்கள் பணி முடியுமுன் போய்விட்டார்களோ என்று நினைக்கத் தோன்றும். அதில் ஒரு கதை உண்டு. 1911-ம் ஆண்டில் தீ விபத்து நேர்ந்து உட்புறம் எரிந்தது. பழுது பார்த்தவர்கள், குறையை நிறைவு செய்வதாக எண்ணி நான்கு தூண்களை நிறுத்திவிட்டனர். பின்னர் வந்த புனருத்தாரணக்காரர்கள், ஆதியில் தூண்கள் நின்றமைக்குச் சான்று இல்லை என்று அவற்றை அகற்றிவிட்டனர். அழகுக்கும் உண்மைக்கும் நடந்த வழக்கில் உண்மைக்குத் தீர்ப்பானது. அந்த உறுதி நமக்குப் பெரிதும் பிடித்திருந்தது. அந்த ஊரில் உண்மைக்கு எப்போதும் இப்படியே தீர்ப்பாகியதா என்று பின்னால் பார்ப்போம்.

1932-ம் ஆண்டு வரை இக்கட்டடம் நீதிமன்றமாகவே வழங்கி வந்தது. அங்கே கூடியவை இரண்டு மன்றங்கள். ஒன்று நகரத்துக்கு உரியது. மற்றொன்று ஜேம்ஸ் சிட்டி ‘கௌண்டி’க்கு, அதாவது நம் தாலுகாவை ஒத்த ஒரு பிரிவுக்கு உரியது. உள்ளே அரைவட்டமாக வளைந்த உயர்ந்த ஆசனம். நடுவில் தலைவருக்குச் சற்று உயர்ந்த இருக்கை. கீழே எழுத்தருக்கு ஒரு மேசை. பொதுமக்கள் நிற்க ஒரு தடுப்பு. ஆசனத்தில் அமர்ந்தவர்கள் சட்டம் பயின்றவர்கள் அல்லர். கவர்னர் நியமித்த உள்ளூர் நிலக்கிழார்கள். ஊதியம் இல்லை. நால்வர் கூடினால் மன்றம் நடக்கும். நம் ஊர் நாட்டாண்மைக்காரர்களை நினைவூட்டும் ஏற்பாடுதான். வேறுபாடு, இவர்கள் ஒவ்வொரு சொல்லையும் ஏட்டில் பதிவு செய்து வைத்தார்கள்.

மாதம் ஒருமுறை மன்றம் கூடும் நாள் ஊருக்கே சந்தை நாள், திருவிழா நாள். வழக்குகளில் பெரும்பாலானவை கடன் வழக்குகள். அவற்றோடு உயில்களை மெய்ப்பித்தல், தாய் தந்தையற்ற குழந்தைகளைத் தொழில் பழகச் சேர்த்தல், சாலை பழுது பார்க்க ஆள் குறித்தல், சத்திரங்களில் சாராயத்துக்கும் சாப்பாட்டுக்கும் விலை விதித்தல் ஆகியனவும் அந்த நால்வரின் வேலை. அன்று நமக்கு நடித்துக் காட்டப்பட்டதும் ஒரு கடன் வழக்கே. பார்க்க வந்தவர்களிலிருந்தே சிலரை அழைத்து ஆசனத்தில் அமர்த்தினார்கள். நம்மையும் அழைத்தார்கள். ஏறி அமர்ந்தோம். வழக்கு வேடிக்கையாகவே நடந்தது, எல்லோரும் சிரித்தனர். ஆயினும் அமர்ந்த இடம் நமக்கு இசையவில்லை. அக்காலத்து ‘வர்ஜீனியா கெஸட்’ பத்திரிகையில், எசமானரிடமிருந்து தப்பி ஓடிய ‘கிழக்கிந்தியர்’ பற்றிய விளம்பரங்கள் உண்டு. கம்பெனிக் கப்பல்கள் வழியே லண்டன் சேர்ந்து, அங்கிருந்து அமெரிக்கா வந்து சேர்ந்த நம் நாட்டவர் அவர்கள். 1771-ம் ஆண்டில் நம் நிறத்தவர் ஒருவர் இம்மண்டபத்துக்குள் வந்திருந்தால், அந்த ஆசனத்திலா அமர்ந்திருப்பார்?

வெளியே படிக்கு அருகில் இரண்டு மரக்கருவிகள் நிற்கின்றன. ஒன்று கால்களை மாட்டும் தொழுமரம். மற்றொன்று நின்றபடியே கழுத்தையும் கைகளையும் பிணிக்கும் சட்டம். பிரயாணிகள் அதில் தலையைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்குப் பெரும் களிப்பு. அந்தச் சட்டத்தின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்தக் களிப்பு வாராது. வர்ஜீனியாவில் அடிமைகள் மீது உயிர்த்தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டால், அதை விசாரிக்க 1692-ம் ஆண்டுச் சட்டப்படி தனி மன்றம் கூடும். அந்த மன்றத்துக்கு ‘ஓயர் அண்ட் டெர்மினர்’ என்று பெயர். அதுவும் பிரெஞ்சே, ‘கேட்டலும் தீர்த்தலும்’ என்று பொருள். சுதந்திரமான வெள்ளையர் ஒருவரின் உயிரைப் பறிக்கும் அதிகாரம் கௌண்டி நீதிபதிகளுக்குக் கிடையாது. அத்தகைய வழக்கைத் தெருவின் கிழக்குக் கோடியில் இருந்த பெருமன்றத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கே ஜூரிகள் இருப்பார்கள். அடிமையாயின், இதே உள்ளூர் நிலக்கிழார்கள் இதே இடத்தில் ஜூரி இன்றி விசாரித்துத் தூக்குக்கு அனுப்பலாம். தூக்கிலிடப்பட்ட அடிமைக்கு மன்றமே விலை மதிப்பிடும். அத்தொகை எசமானருக்குக் கஜானாவிலிருந்து வழங்கப்படும். அத்தகைய வழக்கில் சாட்சி சொல்ல வரும் அடிமைக்கு முன்னதாகவே ஓர் எச்சரிக்கை உண்டு. பொய் சொன்னால் ஒரு காதை அந்த மரச்சட்டத்தில் ஆணியடித்து ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள், பிறகு அறுப்பார்கள், அடுத்த காதுக்கும் அவ்வாறே, இறுதியில் 39 கசையடி. ‘கேளீர்’ என்று கூவும் மன்றம் தன் சாட்சியின் காதில் ஆணி அடித்தது.

1732-ம் ஆண்டில் மேலும் ஒரு கதவு அடைக்கப்பட்டது. கறுப்பினத்தவர், அடிமையாயினும் விடுதலை பெற்றவராயினும், வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாகாது என்று சட்டம் வகுத்தது. ஊரின் மக்கள் தொகையில் அவர்கள் பாதிக்கு மேல் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1776-ம் ஆண்டு ஜூலை 25-ம் நாள், இந்தப் படிகளின் மீது நின்றுதான் பெஞ்சமின் வாலர் என்பவர் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை ஊராருக்குப் படித்துக் காட்டினார். மனிதர் யாவரும் சமம் என்னும் செய்தி சந்தை வெளியில் ஒலித்தபோது, கேட்டு நின்றவர்களுள் அடிமைகளும் இருந்திருப்பார்கள் அன்றோ? ஐந்து ஆண்டுகள் கழித்து, 1781-ம் ஆண்டு ஜூன் இறுதியில், பிரிட்டிஷ் படைத்தலைவர் காரன்வாலிஸ் பிரபு இவ்வூரைக் கைப்பற்றிச் சில நாட்கள் தங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் அண்மையிலுள்ள யார்க்டவுனில் சரணடைந்தார். பெயரைக் கேட்டதும் நேயர்களுக்கு நினைவு வந்திருக்கும். 1786-ல் கவர்னர் ஜெனரலாக நம் நாட்டுக்கு வந்து, 1793-ல் வங்காளத்தில் ஜில்லா நீதிமன்றங்களை வகுத்தவர் அவரே. 1802-ல் அம்முறை சென்னை ராஜதானிக்கும் வந்தது. காஜிப்பூரில் கங்கைக் கரையில் அவருடைய சமாதி இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பணியாற்றும் தமிழன்பர்கள் பார்த்திருக்கக்கூடும். வெள்ளையரை இந்திய நீதிபதி விசாரிப்பதா என்று 1883-ல் இல்பர்ட் மசோதாவின் போது எழுந்த கூச்சலை நாம் அறிவோம். கடல் இரண்டானாலும் அலை ஒன்றே போலும்.

இச்செய்திகளெல்லாம் அந்த ஊரில் முன்பு சொல்லப்படவில்லை. நெடுங்காலம் அங்கே வந்தவர்கள் கண்டது சீமான்களும் சீமாட்டிகளும் வாழ்ந்த அழகிய ஊர் ஒன்றையே. 1979-ம் ஆண்டு முதற்கொண்டுதான் கறுப்பின மக்களின் வாழ்வை அவர்கள் வழித்தோன்றல்களே நடித்தும் விளக்கியும் காட்டத் தொடங்கினர். 1994-ம் ஆண்டு அக்டோபரில் அடிமை ஏலம் ஒன்று தெருவில் நடித்துக் காட்டப்பட்டபோது, அந்த வேதனையைக் காட்சிப் பொருளாக்கலாமா என்று எதிர்ப்பு எழுந்தது. காட்டாமல் மறைப்பது அதனினும் தீது என்றனர் மறுசாரார். நம்மைக் கேட்டால் காட்டியதே சரி என்போம். மற்றொரு செய்தி இன்னும் வியப்புக்குரியது. நீதிமன்றத்திலிருந்து சில தெருக்கள் தள்ளி, கறுப்பின மக்களின் பழைமையான தேவாலயம் ஒன்று இருந்தது. 1950-களில் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. நிலம் வண்டிகள் நிறுத்தும் இடமாயிற்று. 2020-ம் ஆண்டில் அந்தத் தளத்தை அகற்றித் தோண்டத் தொடங்கினர். அதற்கும் முந்தைய தேவாலயத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. அறுபதுக்கு மேற்பட்ட புதைகுழிகளும் வெளிப்பட்டன. நான்கு தூண்கள் பொய் என்று அகற்றியவர்கள், இதன் மேல் எத்தனையோ ஆண்டுகள் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள்.

நீதிமன்றத்தை விட்டுச் சற்று நடந்தால், பழைய கவர்னர் மாளிகைக்குச் செல்லும் புல்வெளியின் ஓரத்தில் ஜார்ஜ் வித் என்பவரின் செங்கல் வீடு இருக்கிறது. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர். ஜெபர்சனுக்குச் சட்டம் கற்பித்த ஆசான். 1779-ல் அமெரிக்கக் கல்லூரியில் முதற்சட்டப் பேராசிரியராக அமர்ந்தவர். பின்னர் ரிச்மண்டில் உயர் நீதிபதி. இவ்வளவு சட்டம் ஒரு தலைக்குள் அடங்கிய வீடு இது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பின்புறத்துச் சமையற் கட்டுக்கு வந்தோம். அவர் குடும்பத்துக்குச் சமைத்தவள் லிடியா பிராட்நாக்ஸ் என்னும் அடிமைப்பெண். 1787-ல் அவர் அவளுக்கு விடுதலை அளித்தார். அதன் பின்னும் அந்த அம்மையார் அவருக்குச் சமைத்து வந்தார்.

1806-ம் ஆண்டு மே மாதம், ரிச்மண்டில் வித் அவர்களின் வீட்டில் காலைக் காப்பி அருந்தியவர்கள் நோயுற்றனர். முதியவரும், அவர் கல்வி புகட்டி வந்த மைக்கேல் பிரவுன் என்னும் கலப்பின இளைஞரும் இறந்தனர். லிடியா அம்மையார் உயிர் தப்பினார். பழி விழுந்தது ஸ்வீனி என்பவன் மீது. அவன் வித் அவர்களின் உடன்பிறந்தாளுடைய பேரன். அதே வீட்டில் வாழ்ந்து, அவர் பெயரில் கள்ளக் காசோலை எழுதியவன். காப்பிப் பாத்திரத்தருகே அவன் நின்றதையும், ஒரு காகிதத்தை நெருப்பில் எறிந்ததையும் லிடியா கண்டார் என்று பிற்காலக் குறிப்பொன்று கூறும். மரணப் படுக்கையிலிருந்து வித் தம் உயிலைத் திருத்தி, அவனுக்கு ஒன்றுமில்லாமற் செய்தார். செப்டம்பரில் வழக்கு நடந்தது. லிடியா சாட்சி சொல்ல முடியவில்லை; அவர் கறுப்பினத்தவர், குற்றவாளிக் கூண்டில் நின்றவன் வெள்ளையன். ஜூரிகள் அவனை விடுவித்தனர். சட்டத்தின் ஆசான் என்று நாடே போற்றியவரின் கொலைக்கு, அச்சட்டத்தாலேயே தண்டனை கிட்டாது போயிற்று. வேற்றூரிலிருந்து வந்த ஒருத்தி பாண்டியன் அவையில் தனியே நின்று உரைத்த வழக்கைப் பாடமாகப் படித்து வளர்ந்த நமக்கு, அந்தச் சமையற் கட்டில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. அத்தடை நீங்குவதற்கு 1865-ல் உள்நாட்டுப் போர் முடிய வேண்டியிருந்தது.

லிடியா அம்மையார் 1807-ம் ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஜெபர்சனுக்கு ஒரு கடிதம் விடுத்தார். கண் மங்கிவிட்டது, முதுமையில் உதவி வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். ஜெபர்சன் 50 டாலர் கொடுக்கச் செய்தார். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது.