ஒரே வெள்ளிக்கு இரண்டு விலை: மணிலாவும் ஒரு தட்டுப் பான்சிட்டும்

கடந்த மாதம் ஓரிரவு, தில்லியில் நான் தங்கியிருக்கும் ஆய்வு மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில், பிலிப்பைன்ஸ் நாட்டு மாணவி ஒருவர் தம் பிறந்தநாளுக்காகப் பான்சிட் சமைத்தார். அரிசி நூடுல்ஸில் காய்கறியும் கோழியும் சேர்த்துக் கிளறும் உணவு அது. பிறந்தநாளன்று அதைச் சமைக்கும்போது இழைகளை வெட்டக் கூடாது என்றும், நீண்ட இழை நீண்ட ஆயுளுக்கு அடையாளம் என்றும் அவர் விளக்கினார். அதே மேசையில் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தம்பி ஒருவர், முதலாண்டு ஆய்வு மாணவர், நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாக நாணய வணிகத்தில் இறங்கி, நான்கு மாத உதவித்தொகையை அவர் இழந்திருந்தார்.

“அண்ணா, விலை எந்தப் பக்கம் போகும் என்று நான் கணித்தது சரியாகத்தான் இருந்தது. பிறகு என் பணம் எங்கே போயிற்று?” என்று கேட்டார்.

அன்றிரவு என்னால் சரியாக விடை சொல்ல முடியவில்லை. இப்பதிவு அந்த விடைக்கான முயற்சி. நாணய வணிகத்தின் அரிச்சுவடியைக் கற்க 16ஆம் நூற்றாண்டின் மணிலாவைவிடத் தெளிவான பாடநூல் எனக்குத் தெரியவில்லை. அன்று எங்கள் தட்டில் இருந்த உணவும் அந்நகரிலிருந்துதான் வந்தது.

முதற்பாடம் எளிது. ஒரே பொருளுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு விலை இருந்தால், மலிவான ஊரில் வாங்கி உயர்ந்த ஊரில் விற்பவருக்கு ஆதாயம். அந்தப் பொருள் பணமாகவே இருந்தாலும் விதி மாறுவதில்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்படி இரண்டு விலை பெற்றிருந்த பொருள் வெள்ளி. சீனத்தின் மிங் பேரரசில் காகிதப் பணம் மதிப்பிழந்து மறைந்திருந்தது. மக்கள் வெள்ளியில் கொடுக்கல் வாங்கல் செய்தனர். அரசும் பலவகை வரிகளை ஒன்றாக்கி வெள்ளியில் தண்டத் தொடங்கியது. மாபெரும் மக்கள்தொகை கொண்ட ஒரு நாடு வெள்ளியை வேண்டி நின்றது. அதே காலத்தில், 1545இல் கண்டறியப்பட்ட பொட்டோசி மலையிலிருந்தும் மெக்சிகோவின் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி பெருகி வந்துகொண்டிருந்தது.

விளைவை எண்களில் காணலாம். 1590களில் ஸ்பெயினில் ஒரு பங்கு பொன்னுக்கு ஏறத்தாழ 12 முதல் 14 பங்கு வெள்ளி தர வேண்டும். சீனத்தின் கான்டன் நகரில் ஐந்தரை முதல் ஏழு பங்கு தந்தால் போதும். தொடக்கநிலை மாணவர் இக்கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். 12 பங்கு வெள்ளியைச் சீனத்துக்குக் கொண்டுசென்று, ஆறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாற்றினால் இரண்டு பங்கு பொன் கிடைக்கும். அந்தப் பொன்னைத் திருப்பிக் கொண்டுவந்தால் அது 24 பங்கு வெள்ளி. கப்பற்செலவும் ஆபத்தும் நீங்கலாக முதல் இரட்டிப்பாகிறது. வெள்ளியைப் பொன்னாக மாற்றாமல் பட்டாகவும் பீங்கானாகவும் மாற்றினாலும் அதே வேறுபாடுதான் வேலை செய்தது. டென்னிஸ் ஃப்ளின், ஆர்த்துரோ ஹிரால்டெஸ் ஆகிய பொருளியல் வரலாற்றாளர்கள் இவ்வாதத்தை விரிவாக வைத்தனர். ஐரோப்பியர் கீழைப் பொருள்களுக்கு ஈடாகத் தர வேறொன்றுமின்றி வெள்ளியைத் தந்தனர் என்ற பழைய விளக்கத்தை அவர்கள் ஏற்கவில்லை. வெள்ளியே அவ்வணிகத்தின் முதன்மைச் சரக்கு என்றனர். உலக வணிகம் பிறந்த ஆண்டாக மணிலா நிறுவப்பட்ட 1571ஐக் குறித்தனர்.

மணிலா ஏன்? பசிபிக் பெருங்கடலைக் கடந்து மெக்சிகோவுக்குத் திரும்பும் வழியை ஊர்தனேத்தா 1565இல் கண்டறிந்தார். அதன்பின் 1815 வரை, மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியப் பெருங்கப்பல்கள் சென்றுவந்தன. போகும்போது பட்டு, வரும்போது வெள்ளி. 1567இல் மிங் அரசு தன் கடல்வணிகத் தடையைத் தளர்த்தியதும், ஃபூஜியன் மாகாணத்துப் பாய்மரக் கப்பல்கள் மணிலாவை நோக்கித் திரும்பின. இரண்டு விலைகளும் சந்திக்கும் வாசலாயிற்று அந்நகரம்.

இரண்டாம் பாடம் இங்கே தொடங்குகிறது: விலை வேறுபாடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும், ஆனால் அதன் ஆதாயம் வாசலில் நிற்பவருக்கே போகும். 1593இன் அரசாணை, மணிலாவிலிருந்து மெக்சிகோவுக்கு அனுப்பும் சரக்கின் மதிப்பை ஆண்டுக்கு 2,50,000 பெசோ என்றும், திரும்பிவரும் வெள்ளியை 5,00,000 பெசோ என்றும் வரையறுத்தது. இரட்டிப்பு ஆதாயம் சட்டத்தின் எண்களிலேயே எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். கப்பலின் கொள்ளிடம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, ‘போலேத்தா’ என்னும் சீட்டுகளாக மணிலாவின் ஸ்பானியக் குடிகளுக்கு வழங்கப்பட்டது. வணிகம் செய்ய முதலில்லாதவர் தம் சீட்டை முதலுடையவருக்கு விற்றார். சமய அறநிறுவனங்கள் தம் நிதியைக் கப்பற்பயணத்துக்குக் கடனாகத் தந்து, கடலின் ஆபத்துக்கேற்ப உயர்ந்த வட்டி பெற்றன.

பட்டைக் கொண்டுவந்த சீனரின் நிலை வேறு. மணிலாவில் அவர்களைச் ‘சங்லேய்’ என்று அழைத்தனர். வணிகம் என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்பது பரவலான கருத்து. 1580களின் தொடக்கத்திலிருந்து அவர்கள் நகர மதிலுக்கு வெளியே, பரியான் என்ற தனிக்குடியிருப்பில் வைக்கப்பட்டனர். நகரின் அப்பமும் காலணியும் ஆடையும் அவர்கள் கையால் ஆயின. சரக்கைக் கடனாகத் தந்துவிட்டு, அகபுல்கோவிலிருந்து வெள்ளி வரும்வரை காத்திருந்தோரும் அவர்களிடையே பலர். கப்பல் திரும்பிவந்தால் எல்லோருக்கும் வாழ்வு. வராத ஆண்டில்?

அந்த ஆண்டுகளின் வரலாறு துயரமானது. 1603இல் சீன அதிகாரிகள் மூவர் மணிலாவுக்கு வந்தனர். அருகிலுள்ள கவீத்தேயில் பொன்விளையும் மலை உண்டு என்ற வதந்தியை விசாரிக்க வந்தவர்கள் அவர்கள். அப்படி ஒரு மலை இல்லை. ஆனால் இது படையெடுப்பின் முன்னோட்டம் என்று ஸ்பானியர் அஞ்சினர். ஐயம் பகையாயிற்று, பகை கிளர்ச்சியாயிற்று; அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது கொல்லப்பட்ட சீனர் ஏறத்தாழ 20,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. 1638இல் கான்செப்சியோன் என்ற பெருங்கப்பல் சைபன் தீவருகே உடைந்தது. அடுத்த ஆண்டு, கலம்பாவில் கட்டாயமாக உழவுக்குக் குடியமர்த்தப்பட்ட சீனர் கிளர்ந்தெழுந்தனர். 1640இன் தொடக்கத்தில் அது முடிந்தபோது மீண்டும் 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். இவற்றுக்கு நிலவாடகை, அச்சம், சமயம், நிர்வாகக் கொடுமை எனப் பல காரணங்கள் உண்டு. வெள்ளி மட்டுமே காரணம் என்று சொல்வது பிழை. ஆயினும், அதே 1640ஐ ஒட்டித்தான் சீனத்தின் பொன்–வெள்ளி விகிதம் ஏறிவந்து உலக விகிதத்தோடு ஏறக்குறையச் சமமாயிற்று. இது மூன்றாம் பாடம்: எல்லோரும் ஓடிவந்து பயன்படுத்தும் விலை வேறுபாடு, அந்த ஓட்டத்தாலேயே மூடிவிடும். பிந்தி வந்தவருக்கு எஞ்சுவது ஆபத்து மட்டுமே.

அகபுல்கோ வணிகம் 1815இல் முடிந்தது. அவ்வெள்ளி நாணயம் பல நாணயங்களுக்குப் பெயரை விட்டுச்சென்றது. பிலிப்பைன்ஸின் இன்றைய ‘பீசோ’ அதன் நேர்வழித்தோன்றல். சீனத்தின் ‘யுவான்’ என்ற பெயரே அவ்வட்ட நாணயத்தைக் குறித்து எழுந்தது. அதன் பொருள் ‘வட்டம்’. ஆனால் மணிலாவின் எளிய மக்களிடம் தங்கியது வேறொன்று.

1590இல் ஆயர் சலசார் ஸ்பானிய மன்னருக்கு எழுதிய கடிதம் பரியானின் உணவுக்கடைகளைக் குறிப்பிடுகிறது. அங்கே சீனரும் உள்ளூர் மக்களும் உண்டனர், ஸ்பானியரும் சென்றதாகக் கேள்வி என்கிறது அது. அங்கு என்ன பரிமாறினர் என்பது பட்டியலாகக் கிடைக்கவில்லை. ஆனால் மொழி ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. ‘பான்சிட்’ என்ற சொல், எளிதில் சமைத்த உணவு என்னும் பொருளுடைய ஹொக்கியன் தொடரிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அரிசி இழையின் பெயர் ‘பீஹோன்’. மலேசியத் தமிழர் ‘மீகூன்’ என்று வழங்குவதும் இதே மூலச் சொல்லைத்தான். சோயா சாஸின் பெயர் ‘தோயோ’, அதுவும் ஹொக்கியன். வெங்காயம் ‘சிபூயஸ்’, ஸ்பானியம். வதக்குவதைக் குறிக்கும் ‘கிசாதோ’ ஸ்பானியம். பான்சிட் பலபோக் என்ற மற்றொரு வகையின் செம்மஞ்சள் குழம்புக்கு நிறம் தரும் ‘அச்சுவேத்தே’ விதை, மெக்சிகோவின் நாவாட்டில் மொழிப் பெயருடன் அதே கப்பல்வழியில் வந்தது. மேலே பிழியும் கலமான்சி என்னும் சிறு எலுமிச்சை மட்டும் அம்மண்ணுக்கே உரியது.

அன்றிரவு அம்மாணவி சமைத்த முறையையும் பதிந்துவைக்கிறேன். அரிசி நூடுல்ஸைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்தார். எண்ணெயில் பூண்டையும் வெங்காயத்தையும் வதக்கி, சிறு துண்டுகளாக்கிய கோழியைச் சேர்த்தார். கேரட், பீன்ஸ், இறுதியில் முட்டைக்கோசு. காய் நறுக்கெனக் கடிபடும் பதத்தில் அவற்றைத் தனியே எடுத்துவைத்தார். அதே வாணலியில் கோழி வேகவைத்த நீரையும் சோயா சாஸையும் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஊறிய இழைகளை இட்டார். இழைகள் நீரை முழுவதும் உறிஞ்சும்வரை இரண்டு கரண்டிகளால் தூக்கித் தூக்கிப் புரட்டினார். காய்களைத் திரும்பச் சேர்த்து மிளகுத்தூள் தூவினார். கலமான்சி தில்லியில் கிடைக்காததால் எங்கள் தட்டில் எலுமிச்சை.

19ஆம் நூற்றாண்டில் ‘பான்சிட்டேரியா’ என்னும் உணவகங்கள் மணிலாவில் பெருகியிருந்தன. ஹோசே ரிசால் 1891இல் வெளியிட்ட இரண்டாம் புதினத்தில், காஸ்டிலியன் மொழிப் பயிலகம் கேட்டு ஏமாற்றப்பட்ட மாணவர்கள் கூடுவது அத்தகைய உணவகத்தில்தான். அங்கே அவர்கள் ஒவ்வோர் உணவையும் ஒவ்வோர் அதிகாரிக்குப் படைத்து நையாண்டி செய்கிறார்கள். உழைப்போரின் உணவு, ஆள்வோரைக் கேள்வி கேட்கும் மேசையாகவும் ஆனது.

நமக்கும் இதில் பங்குண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சோழமண்டலக் கரையின் துணிகள் மணிலாவுக்குப் போயின. ஈடாக அமெரிக்க வெள்ளி சென்னைக்கு வந்தது. 1762இல் மணிலாவைக் கைப்பற்றிய பிரித்தானியப் படை புறப்பட்டது சென்னையிலிருந்தே. 1764இல் அது திரும்பியபோது, உடன்சென்ற இந்தியச் சிப்பாய்களில் சிலர் கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டனர்.

இனி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அச்செயலி அவருக்கு 50 மடங்கு கடன் தந்திருந்தது. அதாவது 10,000 ரூபாய் வைத்தால் ஐந்து லட்சத்துக்கு வணிகம் செய்யலாம். விலை எதிர்ப்பக்கம் வெறும் இரண்டு விழுக்காடு நகர்ந்தால் அந்தப் பத்தாயிரமும் தீரும். பிறகு விலை அவர் கணித்த பக்கமே திரும்பினாலும் பயனில்லை; கப்பல் ஏற்கெனவே மூழ்கிவிட்டது. விலையைச் சரியாகக் கணித்தவருக்கும், காத்திருக்கும் வலிமை இல்லையெனில், அந்தக் கணிப்பு பயன்படாது. 2018இல் ஐரோப்பியப் பத்திரச் சந்தை ஆணையம், இத்தகைய கடன்வழி ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர் கணக்குகளில் 74 முதல் 89 விழுக்காடு இழப்பில் முடிந்ததாகத் தெரிவித்தது. நம் ரிசர்வ் வங்கியும் 2022 முதல், அனுமதி பெறாத அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டுவருகிறது.

ஆகவே, பயிற்சி வகுப்பின் விளம்பரத்தைக் காணும் மாணவருக்கு வரலாறு மூன்று கேள்விகளைத் தருகிறது. இந்த விலை வேறுபாட்டை எனக்கு முன்பே கண்டவர் யார்? வாசலில் நின்று சீட்டு வழங்குபவர் யார்? கப்பல் வராவிட்டால் இழப்பு யார் தலையில் விழும்? மூன்றாவதற்கு விடை ‘என் தலையில்’ என்றால், நாம் அமர்ந்திருப்பது பரியானில்.

அன்றிரவு அம்மாணவி, பேசாதிருந்த தம்பியின் தட்டில் இரண்டாம் முறையும் பரிமாறினார், இழை அறாமல். அவர் உண்டார். மறுநாள் செயலியை நீக்கிவிட்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். அந்த அழைப்பைச் செய்ய இயலாமல் இன்னும் எத்தனை விடுதி அறைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணமே இப்பதிவை எழுதவைத்தது. உங்கள் மாணவரிடமும் அறைத்தோழரிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.