புது மைக் வாங்கப் போறீங்களா? முதலில் பழையதை நகர்த்திப் பாருங்கள்

ஒரு கிடார், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக். வாடகை ஃப்ளாட்டின் ஒரு மூலையில் இவற்றை வைத்துப் பாட்டு பதிவு செய்பவரா நீங்கள்? பதிவைத் திரும்பக் கேட்டதும் 'இதைவிட நல்ல மைக் வாங்கணும்' என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. பல புகழ்பெற்ற பாடல்களின் சத்தத்தைத் தீர்மானித்தது மைக்கின் விலையைவிட, அதை வைத்த இடம்தான். சில சமயம் அந்த இடம் ஸ்டூடியோ விதிகளுக்கே எதிரானதாக இருந்தது.

லண்டன், 1966

பின்னாளில் 'அபே ரோடு' என்று பெயர் பெற்ற இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் அப்போது ஏகப்பட்ட கட்டுப்பாடுகள். டிரம்ஸுக்கு மிக அருகில் மைக் வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. காற்றழுத்தத்தில் மைக் பழுதாகிவிடும் என்ற பயம். பயத்தில் நியாயமும் இருந்தது. ரிப்பன் வகை மைக்குகளுக்குள் இருப்பது மெல்லிய அலுமினியப் பட்டை. பலமாகக் காற்று அடித்தால் அது வளைந்துவிடும்.

பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு ஒலிப்பதிவாளராக வந்த ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கைச் சில அங்குல தூரத்துக்கு நகர்த்தினார். இன்று ராக் இசையில் நாம் கேட்கும் அந்த 'தம்' என்ற நெருக்கமான அடிக்கு இது ஒரு முக்கியமான தொடக்கம்.

அதே ஆல்பத்தின் 'எலினார் ரிக்பி' பாட்டில் வாசித்தவர்கள் எட்டுப் பேர்: 4 வயலின், 2 வியோலா, 2 செல்லோ. வழக்கமாகத் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கும் மைக்கை, எமெரிக் நரம்புகளுக்கு அருகிலேயே கொண்டுவந்தார். வில் உரசும் சத்தம் வரை பதிவாகும் என்பதால் கலைஞர்களுக்குச் சங்கடம். நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளினார்களாம்! அந்த உரசல்தான் இன்றும் அந்தப் பாட்டின் அடையாளம்.

ஸ்பீக்கரே மைக் ஆனால்?

அதே 1966-இல் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாட்டின் பேஸ் கிடாரைப் பதிவு செய்தது மைக் இல்லை, ஒரு ஒலிபெருக்கி! இதில் மாயம் ஒன்றுமில்லை. ஸ்பீக்கருக்குள் காந்தம், கம்பிச்சுருள், அசையும் கூம்பு மூன்றும் உண்டு. மின்சாரம் கொடுத்தால் கூம்பு அசையும். கூம்பு அசைந்தால் மின்சாரம் வரும். டைனமிக் மைக்கும் இதே அமைப்புதான். ஆனால் பெரிய கூம்பு கனமானது என்பதால் வேகமான அதிர்வுகளுக்கு ஈடுகொடுக்காது. அடி சத்தம் தாராளமாக வரும், மேல் சத்தம் வராது. பேஸுக்கு அதுதானே வேணும்!

வீட்டில் முயல்வதாக இருந்தால் ஆம்ப்ளிஃபயர் இல்லாத பழைய ஸ்பீக்கர் யூனிட்டை மட்டும் பயன்படுத்துங்கள். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டன் அணைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அறையையும் பதிவு செய்வது

மேலே சொன்னதெல்லாம் கிட்டே போகும் உத்திகள். எட்டிப் போவதற்கும் ஒரு வரலாறு உண்டு. லெட் செப்பலின் குழுவின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' (1971) பாட்டுக்காக, ஜான் போனமின் டிரம்ஸ் இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் வைக்கப்பட்டது. மைக்குகள் இருந்தது மாடிப்படியில், டிரம்ஸுக்கு மேலே. அந்தப் பிரமாண்டமான சத்தத்தில் பாதி அந்தப் படிக்கட்டுடையது.

1977-இல் பெர்லினின் ஹன்ஸா ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி இன்னும் ஒரு படி மேலே போனார். டேவிட் போவி 'ஹீரோஸ்' பாடும்போது மூன்று மைக்குகள்: ஒன்று வாயருகே, அடுத்தது சுமார் 6 மீட்டரில், கடைசி சுமார் 15 மீட்டரில். தூரத்து மைக்குகள் இரண்டும், குரல் ஒரு அளவைத் தாண்டினால்தான் திறக்கும். பாட்டு போகப் போக அவர் கத்தவேண்டிய கட்டாயம். கேட்டுப் பாருங்கள், குரலோடு சேர்ந்து அறையும் பெரிதாகும்.

உங்களிடம் அவ்வளவு பெரிய கூடம் இல்லை, சரி. அபார்ட்மென்ட் படிக்கட்டும், டைல்ஸ் போட்ட குளியலறையும் இருக்கே.

கிடாருக்கு வருவோம்

புதிதாகப் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் மைக்கை கிடாரின் ஓட்டைக்கு நேராக வைப்பார்கள். சத்தம் அங்கிருந்துதானே வருகிறது? ஆனால் கிடாரின் உள்ளே இருக்கும் காற்று சுமார் 100 ஹெர்ட்ஸில் இயல்பாகவே அதிரும். ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட், அதாவது 'ஜி' ஸ்வரம், 98 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு முறை ஜி கார்டு வரும்போதும் 'பொம்' என்று வீங்குவது இதனால்தான். மைக் மேல் தப்பில்லை.

12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேராக ஒரு சாண் தள்ளி வைப்பது வழக்கமான மாற்று. வழக்கத்துக்கு மாறாக ஒன்று வேண்டுமா? மைக்கை உங்கள் வலது தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில் வைத்து கிடாரை நோக்கித் திருப்புங்கள். வாசிக்கும்போது நீங்கள் கேட்கும் கிடாருக்கு இதுவே மிக நெருக்கம். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

தெருவில் ஹாரன், பக்கத்து வீட்டில் மிக்ஸி என்றால் பியஸோ தகடு உதவும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் இந்த வட்டத் தகடு, காற்றைவிட மரத்தின் அதிர்வைத்தான் அதிகம் எடுக்கும். கழற்றக்கூடிய பசையால் பிரிட்ஜுக்கு அருகில் ஒட்டி, இன்டர்ஃபேஸின் 'இன்ஸ்ட்ருமென்ட்' உள்ளீட்டில் செருகுங்கள். சாதாரண மைக் உள்ளீட்டில் அடி சத்தம் காணாமல் போகும். தனியாகக் கேட்டால் வறட்சியாகத்தான் இருக்கும். அறை மைக்கோடு கலந்தால் உயிர் வரும்.

இரண்டு மைக் என்றால் ஒரு கணக்கு

ஒலி 1 மில்லி செகண்டில் ஏறக்குறைய 34 செ.மீ. போகும். ஒரே கிடாரிலிருந்து ஒரு மைக் மற்றதைவிட 34 செ.மீ. தள்ளி இருந்தால், இரண்டையும் ஒரே அளவில் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனித்தனியாக நன்றாக இருந்த இரண்டு பதிவுகள் சேர்ந்ததும் தகர டப்பா மாதிரி ஒலிப்பது இதனால்தான்.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஒரு டிராக்கை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு அலைகளும் ஒரே நேரத்தில் எழும்பும்படி நகர்த்துங்கள். அறை எதிரொலிக்காகவே தூரத்தில் வைத்த மைக் என்றால் நகர்த்த வேண்டாம், அந்தத் தாமதம்தான் அதன் வேலை. பிறகு போலாரிட்டியைத் திருப்பும் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். அடி சத்தம் கூடினால் அப்படியே விடுங்கள். மெலிந்தால் பழையபடி மாற்றிவிடுங்கள்.