எஸ்.டி.டி. கோடு பார்த்த ஆரூடம்

சென்னைக்கு 044, மதுரைக்கு 0452, தஞ்சாவூருக்கு 04362. எஸ்.டி.டி. பூத்தில் ஒட்டியிருந்த ஊர்ப்பட்டியலில் விரலை ஓட்டியவர்களுக்குப் பெரிய ஊருக்குச் சின்னக் கோடு, சின்ன ஊருக்குப் பெரிய கோடு என்பது சொல்லாமலே தெரியும். அதை ஊரின் அந்தஸ்து என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது ஆரூடமாகவே படுகிறது. இந்த ஊரில் என்றைக்காவது எத்தனை வீட்டில் போன் இருக்கும் என்று தொலைபேசித் துறை முன்கூட்டியே போட்டுவைத்த கணக்கு அது. முதலில் வரும் பூஜ்ஜியம், அழைப்பு வெளியூருக்குப் போகிறது என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்வதற்கு மட்டும்தான். அதைத் தள்ளிவிட்டால் கோடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கம். கோட்டுக்கு இரண்டைக் கொடுத்த சென்னையிடம் எட்டு மிஞ்சியது, மதுரைக்கு ஏழு, தஞ்சைக்கு ஆறு. ஆறு இலக்கத்தில் எப்படிப் புரட்டினாலும் பத்து லட்சம் எண்களைத் தாண்ட முடியாது. 2000-களின் தொடக்கத்தில் பழைய எண்களுக்கு முன்னால் 2 சேர்வதற்கு முன்பு இந்த இடம் இன்னும் குறுகல்; கடைப் பெயர்ப்பலகைகளில் பழைய எண்ணுக்கு முன்னால் இருந்த இடுக்கில் அந்த 2 திணிக்கப்பட்டது.

இதற்கு அமெரிக்காவைக் காட்டி ஒரு மறுப்பு வரும். 1947-இல் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 86 பகுதிக் கோடுகளை வகுத்தபோது நியூயார்க்குக்கு 212 கிடைத்தது. சுழற்றும் டயலில் 1 என்றால் ஒரு துடிப்பு, 0 என்றால் பத்து. ஆக 212-க்கு ஐந்தே துடிப்பு. பின்னால் வந்த அலாஸ்காவின் 907-க்கு இருபத்தாறு. அதிகம் பேர் கூப்பிடும் ஊருக்குச் சீக்கிரம் முடியும் கோடு, விரலுக்கும் இயந்திரத்துக்கும் நேரம் மிச்சம்; இதில் ஆரூடம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அமெரிக்காவில் எல்லாக் கோடுகளும் மூன்று இலக்கம்தான், அங்கே அந்த விளக்கம் சரி. நம் நாட்டில் அது நிற்காது. பெங்களூரின் பழைய கோடு 0812, துடிப்பு இருபத்தொன்று. பிறகு வந்த 080-க்கு இருபத்தெட்டு. புனேயின் 0212 சுருங்கி 020 ஆனபோதும் துடிப்பு கூடியது. (அதற்குள் பொத்தான் போன் பரவிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) ஊர் பெருத்து எண்கள் போதாமல் போனதால் கோட்டிலிருந்து ஓர் இலக்கத்தைப் பிடுங்கி உள்ளூருக்குக் கொடுத்தார்கள். ஹைதராபாத்தின் கதை இன்னும் வேடிக்கை. 0842-ஐ விட்டு 040-க்குத் தாவி நம் 4-ஆம் வரிசைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது; விஜயவாடா இன்றும் 0866-தான்.

1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே முதல் எஸ்.டி.டி. வந்தபோது, மற்ற ஊர்க்காரர்கள் டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணியடிக்கக் காத்திருந்தார்கள். 1991-இல்கூட நாடு முழுவதற்கும் இணைப்புகள் சுமார் 50 லட்சம்தான். அந்த வறட்சியில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்வது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். வசதியுள்ள லண்டனே 1990-இல் 01-ஐ 071, 081 என்று பிரித்து, 1995-இல் நடுவே ஒரு 1 சேர்த்து, 2000-இல் 020-க்கு வந்து சேர்ந்தது. ஆனால் லண்டனின் கணக்கு தப்பியது ஒரே பக்கமாக, குறைத்து எண்ணியதில். இங்கே கணக்கு இரண்டு பக்கமும் தப்பியது. பெங்களூருக்கு வைத்த இடம் போதவில்லை. சின்ன ஊர்களுக்கு வைத்ததோ நிரம்பவே இல்லை, அதற்குள் செல்போன் வந்துவிட்டது.

செல்போனுக்கு ஊர் கிடையாது. 1995-இல் 98 என்று தொடங்கி, 9 தீர்ந்ததும் 8, 7, 6 என்று இறங்கி வந்தது. ஒருபக்கம் கோடிக்கணக்கில் எண் தட்டுப்பாடு, மறுபக்கம் ஊர்க்கோடுகளின் கீழே யாரும் வாங்காத எண்கள். அவற்றை எடுத்து இங்கே கொடுத்தால் என்ன என்று தோன்றும். 04362-இன் கீழுள்ள எண் தஞ்சாவூரின் எண். கோட்டையே கலைக்காமல் அதை ஊர் இல்லாத போனுக்குத் தர முடியாது. அரசு அதைக் கலைக்கவில்லை, பழைய பூஜ்ஜியத்துக்குப் புது வேலை கொடுத்தது. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல்போனைக் கூப்பிட்டாலும், அது பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தாலும், முன்னால் 0 போட வேண்டும். அந்த 0 செல்போன் எண்ணை உள்ளூர் எண்ணிலிருந்து பிரித்துக் காட்டிவிடுவதால் கிடைக்கும் புது எண்கள் 254.4 கோடி என்று தொலைத்தொடர்புத் துறை சொன்னது. செல்போனிலிருந்து கூப்பிடுகிறவர்களை அந்த விதி தொடவே இல்லை. விரலுக்கு வேலை கூடியது, இன்னும் லேண்ட்லைனைத் துண்டிக்காமல் வைத்திருக்கும் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும்தான்.