ஹோஸ்: காலுறையும் பாம்பும்

தோட்டத்துச் செடிகளுக்கு நீர் பாய்ச்சும் நெகிழ்குழாயை 'ஹோஸ் பைப்' என்றே நாம் அழைத்துப் பழகிவிட்டோம். ஆனால் 'ஹோஸ்' என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தொடக்கத்தில் நீரோடு எந்த உறவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'ஹோசா'. காலை மூடும் உறை என்று பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் 'ஹோஸே' என்றால் கால்சட்டைதான்.

ஷேக்ஸ்பியர் காலத்து ஆண்கள் மேலே டப்ளெட் என்னும் இறுக்கமான சட்டையும் கீழே ஹோஸும் அணிந்தனர். 1611-இல் வெளியான ஜேம்ஸ் அரசர் விவிலியத்தின் தானியேல் நூலில், எரியும் சூளையில் எறியப்படும் மூவரின் உடைகளுள் ஒன்று 'ஹோசன்'. இது அச்சொல்லின் பழைய பன்மை வடிவம். பின்னாளில் தீயை அணைக்கப்போகும் பொருளின் பெயர், அங்கே தீக்குள் போகும் ஆடையின் பெயராக நிற்கிறது.

நீளமாய், உள்ளீடற்று, வளைந்துகொடுப்பதாய் இருக்கும் ஒற்றுமையே காலுறையைக் குழாயாக்கியது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இப்பொருள் தென்படுகிறது. இதில் டச்சு மொழியின் செல்வாக்கு இருக்கலாம் என்பர் சொல்லாய்வாளர். இலக்கணமும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: காலுறைப் பொருளில் விகுதி சேராமலே அது பன்மை, குழாய்ப் பொருளில் ஒருமை, பன்மைக்கு 'ஹோஸஸ்'.

குழாய்க்குப் பெரும் பணி கிடைத்தது ஆம்ஸ்டர்டாமில். 1652-இல் அந்நகரின் பழைய நகர மண்டபம் எரிந்ததைப் பதின்ம வயதில் நேரில் கண்டவர் யான் வான் டெர் ஹெய்டன். பின்னாளில், செங்கல் செங்கலாகக் கட்டடங்களைத் தீட்டிய ஓவியராகப் புகழ்பெற்றார். அக்காலத் தீயணைப்புப் பொறியில் நீரைப் பீய்ச்சும் முனை பொறியோடு பொருத்தப்பட்டிருந்தது. தெருவில் நின்று சுவரின்மேல் நீரை வீசலாம். வீட்டுக்குள் எரியும் நெருப்பின் அடியை எட்ட முடியாது. 1670-களின் தொடக்கத்தில் யானும் அவருடைய சகோதரர் நிக்கோலாஸும் தோலைத் தைத்து நீண்ட குழாயாக்கிப் பொறியுடன் இணைத்தனர். தீயணைப்போர் இனி நீரைக் கையில் ஏந்தியே உள்ளே நுழையலாம். 1690-இல் யான் இதுபற்றிப் படங்களுடன் ஒரு பெரிய நூலையும் வெளியிட்டார்.

அந்நூலின் தலைப்பில் 'ஹோஸ்' இல்லை. 'ஸ்லாங்' என்ற டச்சுச் சொல்லே இருக்கிறது. பாம்பு என்று பொருள். டச்சுக்காரர்கள் குழாயை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஜெர்மானியர் சொல்லும் 'ஷ்லாவ்ஹ்' என்பதன் பழம்பொருள் பாம்பு உரித்த தோல். இதில் நமக்கு வியப்பு வேண்டியதில்லை. பாம்பு கழற்றிப் போடுவதைச் 'சட்டை' என்று சொல்லி, உடையையும் பாம்பையும் ஒரே சொல்லில் சேர்த்தவர்கள்தாமே நாம்!

தைத்த தோல் மிகுந்த அழுத்தத்தில் பிரிந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் தையலுக்குப் பதிலாக உலோக ஆணிகள் அறைந்தனர்; பின்னர் ரப்பர் வந்தது. அழுத்தம் ஏற ஏற நீரின் வலிமையும் ஏறியது. அவ்வலிமை நெருப்பின்மீது மட்டும் பாயவில்லை. 1963 மே மாதம், அலபாமாவின் பர்மிங்ஹாமில் இனப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் சென்ற கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள்மீது, நகரின் பொதுப் பாதுகாப்பு ஆணையர் யூஜீன் 'புல்' கானர் ஆணைப்படி, தீயணைப்புக் குழாய்கள் திருப்பப்பட்டன. நீரின் அடி தாங்காமல் சுவரோரம் ஒடுங்கிய பிள்ளைகளின் படங்கள் உலகெங்கும் பரவின. 1964-இன் குடிசார் உரிமைகள் சட்டத்துக்கு வழி திறந்தவற்றுள் அப்படங்களும் உண்டு.

ஒரே பொருளை ஆங்கிலேயர் உறை என்றனர், டச்சுக்காரர் பாம்பு என்றனர். ஆம்ஸ்டர்டாமில் அது வீடுகளைக் காக்கும் உறையாயிற்று. பர்மிங்ஹாமில் பிள்ளைகளைத் தீண்டும் பாம்பாயிற்று. சொல் இரண்டுக்கும் இடம் தந்தது. குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதோ, அதைப் பிடித்திருக்கும் கையின் பொறுப்பு.