முயலின் தமனியும் தென்னமரம் தோட்டமும்

நெடுங்காலம் பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கி, 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊர் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ளது. அதனையடுத்த தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்ப்பெயர் தாங்கிய அத்தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். தோட்ட வாழ்வைப் புதினமாக எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே.

பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை. இவ்விரு மரங்களும் எழுபது ஆண்டுகள் கழித்து ஒரே குற்றக்கூண்டில் ஏற்றப்பட்டன. மனிதரின் இதயத் தமனிகளை அடைக்கும் எண்ணெயை இவை தருகின்றன என்பது வழக்கு. அவ்வழக்கில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவற்றுள் முயலும் எலியும் குரங்கும் அடங்கும். அச்சாட்சிகளின் வரலாற்றை அறிந்துகொண்டால் நம் தோட்டங்களைப் பற்றிய ஒரு கேள்வியும் தெளிவாகும்.

தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, நார் தடித்து, குருதி செல்லும் வழி குறுகுதலே இந்நோய். ஒருவர் உயிரோடிருக்கும்போது இது படிப்படியாக வளர்வதைக் காண அக்காலத்தில் வழியில்லை. ஆகவே விலங்குகளை நாடினர். இரசிய நாட்டில் இக்னாதோவ்ஸ்கி என்பவர் முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை ஊட்டி, அவற்றின் தமனிகள் கெடுவதைக் கண்டார். புரதமே காரணம் என்று கருதினார். 1913ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கலாய் அனிச்கோவ் அக்கருத்தைத் திருத்தினார். தூய கொலஸ்டிராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துச் சில முயல்களுக்கும், எண்ணெயை மட்டும் வேறு சில முயல்களுக்கும் கொடுத்தார். முதல் வகையின் தமனிகளில் கொழுப்புப் படிந்தது, மற்றவை தப்பின. ஒப்பிடுவதற்கென ஒரு கூட்டத்தைத் தனியே நிறுத்திய அந்த எளிய ஏற்பாட்டை, அறிவியல் பயிலும் மாணவர் மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

ஆயினும் அறிஞருலகம் அவரை எளிதில் ஏற்கவில்லை. முயல் இலைதழை உண்பது. அதன் இயற்கை உணவில் கொலஸ்டிரால் ஏறக்குறைய இல்லை எனலாம். அவ்வுடலுக்கு ஒவ்வாததைத் திணித்துவிட்டு, விளைவை மனிதன்மீது ஏற்றலாமா என்று வினவினர். எலிக்கும் நாய்க்கும் அதே உணவைக் கொடுத்தபோது அவை அசையவில்லை. நாயின் தைராய்டுச் சுரப்பியை மருந்தால் அடக்கிய பின்னரே அதன் தமனி கெட்டது என்று 1946இல் ஸ்டைனரும் கெண்டாலும் காட்டினர். இதற்கு நேர்மாறான படிப்பினை ஜப்பானில் கிடைத்தது. அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த மருந்து எலியின் குருதிக் கொலஸ்டிராலைக் குறைக்கவில்லை. எலியோடு நின்றிருந்தால் அம்மருந்து குப்பைக்குப் போயிருக்கும். 1976இல் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தபோது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் ஸ்டேட்டின் மருந்துகள் அவ்வழியில் வந்தவை.

இனி நம் எண்ணெய்க்கு வருவோம். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சோயா அவரை விவசாயிகள் சங்கம் வெப்பமண்டல எண்ணெய்களுக்கு எதிராகப் பரப்புரை நடத்தியது. மாரடைப்பிலிருந்து மீண்ட பில் சோகோலாஃப் என்னும் வணிகர் 1988இல் முழுப்பக்க நாளேட்டு விளம்பரங்களில் தேங்காயெண்ணெயையும் செம்பனை எண்ணெயையும் சாடினார். மலேசியாவில் 1979இல் நிறுவப்பட்ட செம்பனை எண்ணெய் ஆய்வு நிலையம், அயல்நாட்டு ஆய்வாளர்களின் முடிவுகளை எதிர்வாதமாக எடுத்துக்காட்டியது. நெதர்லாந்தில் ஆர்ன்ஸ்ட்ரா குழுவினர், செம்பனை எண்ணெய் உண்ட எலிகளின் தமனியில் குருதி உறைதல் மிகவில்லை எனக் கண்டனர். அமெரிக்காவில் ஹேய்ஸ் குழுவினர், செம்பனையில் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலம், தேங்காயில் உள்ள லாரிக், மிரிஸ்டிக் அமிலங்களைப் போலக் குரங்குகளின் கொலஸ்டிராலை உயர்த்தவில்லை என்று 1991இல் எழுதினர். ஆனால் அக்குரங்குகளின் உணவில் கொலஸ்டிரால் சேர்க்கப்படவில்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும். எந்த விலங்கு, அதன் உணவில் வேறென்ன கலந்தது என்று கேளாமல் முடிவை மட்டும் பிடித்துக்கொள்வது வழக்கறிஞர் வேலையே அன்றி ஆய்வாகாது. அதனை இரு தரப்பாரும் செய்தனர்.

மனிதரிடம் நடந்த சோதனைகளை ஒருங்கே தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வு, நிறைகொழுப்புக் குறைந்த தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் செம்பனை எண்ணெய் தீங்கான கொலஸ்டிராலை உயர்த்துகிறது என்று கூறுகிறது. இதை மறைத்து எழுதுதல் நேர்மையன்று. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் அறிந்திருக்கவேண்டிய செய்தி இது.

எனினும், நம் மக்களுக்கு இதய நோய் மிகுந்திருப்பதன் பழியை இவ்வெண்ணெய் ஒன்றின்மீதே சுமத்த வரலாறு இடந்தரவில்லை. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக விளங்கிய டி. ஜே. தனராஜும் உடனுழைத்தோரும், 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த 9,000க்கும் மேற்பட்ட உடற்கூறாய்வுப் பதிவேடுகளை ஆராய்ந்து 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சீனரைவிட இந்தியரிடையே இதயத் தமனி நோய் பன்மடங்கு மிகுதி என்று அது காட்டியது. பிரிட்டனில் வாழும் தெற்காசியரை ஆராய்ந்த மெக்கீக் குழுவினர் 1991இல், வயிற்றில் சேரும் கொழுப்பையும் இன்சுலினுக்கு உடல் இணங்காமையையும் சுட்டினர். மலேசியத் தேசிய உடல்நல ஆய்வுகளிலும் நீரிழிவு இந்தியரிடையே மிகுந்து காணப்படுகிறது. முயலுக்கு ஊட்டிய கொலஸ்டிரால் இதனை விளக்கவில்லை. குரங்குக்கு ஊட்டிய பால்மிட்டிக் அமிலமும் விளக்கவில்லை.

தனராஜ் ஆராய்ந்த உடல்கள் நகர மக்களுடையவை. தோட்டத்தில் குலை வெட்டியும் பால்மரம் சீவியும் உடல் தேய்ந்தவர்களுடையவை அல்ல. அந்நாளில் நகரத்திலும் சரி, தோட்ட லயத்திலும் சரி, தமிழர் அடுப்படியில் இருந்தவை தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயுமே. இந்நாட்டில் செம்பனை எண்ணெயைச் சுத்திகரித்துச் சமையலுக்குத் தரும் ஆலைகள் பெருகியது 1970களில்தான். அதற்கு முன்பெல்லாம், தென்னமரத்திலும் கோலசிலாங்கூரின் பிற தோட்டங்களிலும் நம்மவர் தோளில் சுமந்த குலைகளின் எண்ணெய், பச்சை எண்ணெயாகவே கப்பலேறி அயல்நாட்டுச் சோப்புக்கும் மார்கரினுக்கும் சென்றுகொண்டிருந்தது.