நூறு சொன்னவர் வெற்றி

எழுபதுகளில் புதுவைக் கடற்கரையில் மாலையில் காற்று வாங்க வந்தவர்கள், சுவரில் உட்கார்ந்து உரக்க எண் சொல்லிக்கொண்டிருந்த நான்கு பேரைப் பார்த்திருக்கலாம். "ஏழு." "பதினைந்து." "இருபத்து மூன்று." ஏதோ சூதாட்டம் என்று முறைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்த நால்வரில் நானும் ஒருவன். மூவர் அரசு அலுவலகக் குமாஸ்தாக்கள், ஒருவர் மளிகைக் கடைக்காரர்.

ஆட்டம் மிக எளிது. முதல் ஆள் 1 முதல் 10 வரை ஏதாவது ஓர் எண் சொல்வார். அடுத்தவர் அதோடு 1 முதல் 10 வரை எதையாவது கூட்டிச் சொல்வார். இப்படி மாறி மாறிப் போய், 100 என்று யார் சொல்கிறாரோ அவருக்கு வெற்றி. தோற்றவர் சுண்டல் வாங்க வேண்டும்.

இது நாங்கள் கண்டுபிடித்த ஆட்டம் இல்லை. பாஷே தெ மெஸிரியாக் என்ற பிரெஞ்சுக்காரர் 1612-இல் லியோன் நகரில் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. எண்களைக் கொண்டு செய்யும் இனிமையான, சுவையான கணக்குகள் என்பது அதன் தலைப்பின் பொருள். கணக்குக்கு முன்னால் 'சுவை' என்ற சொல்லைப் போட்ட அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. பள்ளியில் பிரெஞ்சிலேயே கணக்குப் படித்து, பிரெஞ்சிலேயே பிரம்படியும் வாங்கியவன் நான். அங்கே யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பின்னாளில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொடுத்த பழைய புத்தகத்தில்தான் பாஷேயின் கணக்குகளைப் படித்தேன்.

பாஷே சாமானியர் அல்லர். பிரெஞ்சு அகாதெமியின் தொடக்க கால உறுப்பினர். பழைய கிரேக்க கணித நூலான தியோபாந்தஸின் 'அரித்மெத்திகா'வை 1621-இல் லத்தீன் மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தவர். அந்தப் பதிப்பின் ஓரத்தில்தான் ஃபெர்மா, 'அருமையான நிரூபணம் இருக்கிறது, எழுத இடம் போதவில்லை' என்ற பொருளில் கிறுக்கிவைத்தார். உலகம் முந்நூற்றைம்பது ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டது. ஒரு ஓரக் குறிப்பு செய்த வேலை!

பாஷேயின் இன்னொரு கணக்கு எடைக்கல் பற்றியது. 1 முதல் 40 வரை எல்லா முழு எடைகளையும் நிறுக்க, குறைந்தது எத்தனை கற்கள் வேண்டும்? நாலே நாலு போதும்: 1, 3, 9, 27. இரண்டு தட்டுகளிலும் கல் வைக்கலாம் என்பதே சூட்சுமம். 5 நிறுக்க வேண்டுமா? ஒரு தட்டில் 9, சரக்கு இருக்கும் தட்டில் 3-ம் 1-ம். இது பாஷேக்கும் நானூறு ஆண்டு முந்தியது. இத்தாலியின் ஃபிபொனாச்சி 1202-இல் எழுதிய நூலிலேயே உண்டு. நம் புலி, ஆடு, புல்லுக்கட்டு கதையும் அப்படித்தான். ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று, எட்டாம் நூற்றாண்டு அறிஞர் அல்குவின் பெயரில் வழங்கும் லத்தீன் தொகுப்பில் இருக்கிறது. எது எங்கிருந்து எங்கே போனதோ.

எடைக்கல் கணக்கை நான் பெருமையாக எடுத்துவிட்டபோது கடைக்கார நண்பர் சிரித்தார். "சரக்குத் தட்டுல கல்லை வெச்சா, திருட்டுத் தராசுன்னு கடைய கொளுத்திடுவாங்க சார்."

அவர் தமிழ்ப் பள்ளியில் எட்டாவதோடு நின்றவர். நாங்கள் மூவரும் எங்களுக்குள் பிரெஞ்சில் பேசிக்கொள்வோம். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது தவறு என்று அந்த வயதில் உறைக்கவில்லை. நூறு ஆட்டத்தின் ரகசியத்தையும் புத்தகத்தில் படித்து வைத்துக்கொண்டு, அவரிடம் சொல்லாமலே பல நாள் ஜெயித்தேன். சுண்டல் எல்லாம் அவர் காசு.

ஒரு நாள் அவர் "நான் முதல்ல சொல்றேன்" என்று ஆரம்பித்து, "ஒன்று" என்றார். எனக்குப் பகீரென்றது. அடுத்து 12, பிறகு 23, 34. முடிந்தது கதை. எப்படி என்று கேட்டேன். "கடைசியிலேர்ந்து பின்னால வந்தேன் சார். கல்லா கட்டும்போது அப்படித்தானே பாப்போம்? 89 சொல்லிட்டா நீங்க என்ன சொன்னாலும் 100 எனக்கு. அப்ப 89-க்கு 78 வேணும். அதுக்கு 67. பதினொண்ணு பதினொண்ணா கொறைச்சா ஒண்ணுல வந்து நிக்குது." நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார். அன்று சுண்டலுக்கு நான் காசு கொடுத்தேன். அவர் முன்னால் பிரெஞ்சு பேசுவதையும் அன்றோடு விட்டேன்.

ரகசியம் எல்லோருக்கும் தெரிந்தால் ஆட்டம் செத்துவிடும் அல்லவா? எல்லையை 10-லிருந்து 7 ஆக்கினோம். அப்போது 4-இல் தொடங்குபவருக்கு வெற்றி. அதுவும் சலித்தபின் எதுவார் லுய்க்காவிடம் போனோம். பாரிஸில் பள்ளி ஆசிரியராக இருந்த இவர், 39 இலக்கம் கொண்ட ஓர் எண் பகா எண் என்று 1876-இல் கையாலேயே கணக்குப் போட்டு நிறுவியவர். 1883-இல் 'ஹனோய் கோபுரம்' என்ற விளையாட்டுப் பொருளைப் புனைபெயரில் வெளியிட்டார். காசிக் கோயிலில் 64 பொன் தட்டுகளைப் பிராமணர்கள் ஊசிக்கு ஊசி மாற்றுகிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்று ஒரு கதை வேறு. நொடிக்கு ஒரு தட்டு என்றாலும் சுமார் 58,500 கோடி ஆண்டுகள் ஆகும். கவலை வேண்டாம். பழைய ஃபைல் அட்டையில் ஐந்து வட்டம் வெட்டி மதிய உணவு வேளையில் விளையாடினோம். 31 நகர்த்தலில் முடிய வேண்டும். லுய்க்கா 1891-இல், ஒரு விருந்தில் உடைந்த தட்டின் சில்லு கன்னத்தில் பட்டு, அந்தக் காயத்தால் வந்த நோயில் 49 வயதில் இறந்தார் என்று படித்தபோது, ஏதோ தெரிந்தவர் போன மாதிரி இருந்தது.

நால்வரில் இருவர் இப்போது இல்லை. கடைக்கார நண்பருக்கு நினைவு மங்கிவிட்டது. என் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. போன வாரம் பார்க்கப் போனேன். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒன்று" என்றார்.

"எட்டு" என்றேன்.

"பன்னிரண்டு" என்றார், யோசிக்காமல்.